முற்றிற்று என்னும் சொல்

ஒரு செயலைத் தொடங்குதல் எளிது. அதனை முறையாக முடித்தல் அரிது. விருந்தாக வந்த ஒருவர் யாதும் கூறாது எழுந்து சென்றுவிட்டால், அவர் சினந்து சென்றாரோ, இடர்ப்பட்டுச் சென்றாரோ, இன்னும் திண்ணையில்தான் இருக்கின்றாரோ என்று இல்லத்தார் கலங்குவர். 'போய் வருகிறேன்' என்னும் சிறு தொடர் அக்கலக்கம் எழாமற் காக்கும். மக்களிடையே விளங்கும் இவ்வொழுங்கு, உயிரில்லாத கணினிகளிடையேயும் இன்றியமையாது வேண்டப்படுகின்றது. அது வேண்டப்படுவது ஏன் என்பதையும், அதனைப் பேணாவிடில் விளையும் கேடு யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

ஏடும் முடிவும்

ஓலைச் சுவடிகளில் நூல்களைப் படியெடுத்தோர், நூலின் இறுதியில் 'முற்றும்' என்றோ 'முற்றிற்று' என்றோ எழுதி முடிப்பது வழக்கம். அச்சொல் அழகுக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. சுவடியைக் கட்டிய கயிறு அறுந்தால் ஏடுகள் உதிர்ந்து போதல் கூடும். இடையில் உள்ள ஏடு ஒன்று தொலைந்துவிட்டால், ஏட்டெண் அதனைக் காட்டிக் கொடுக்கும். பதினான்காம் ஏட்டுக்குப் பின் பதினாறாம் ஏடு இருப்பின் பதினைந்தாம் ஏடு இல்லை என்பது எவர்க்கும் புலனாகும். ஆனால், கடைசி ஏடு தொலைந்துவிட்டால் ஏட்டெண் உதவாது. அதற்குப் பின் வேறு ஏடு இல்லாமையால், குறைவு உண்டென்று காட்டுவதற்கு ஒன்றும் இராது. அந்நிலையில் உதவுவது 'முற்றிற்று' என்னும் சொல்லே. அச்சொல் உளதாயின் நூல் நிறைந்தது எனத் துணியலாம். இலதாயின் ஏதோ குறைந்தது என ஐயுறலாம். இக்கருத்தை மனத்திற் கொண்டால், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

அஞ்சற்காரரும் முத்திரையும்

வங்கிக் கணக்கைப் பார்த்தல், தேர்வு முடிவை அறிதல், மின்னஞ்சல் விடுத்தல் ஆகிய செயல்களில் இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று உரையாடுகின்றன. ஒன்று, நம் கையில் உள்ள கருவி. மற்றொன்று, தொலைவில் இருந்து விடை தரும் சேவையகம். இவற்றை இணைக்கும் பாதை இரண்டு அடுக்குகளை உடையது.

கீழ் அடுக்கிற்கு டி.சி.பி. என்பது பெயர். வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1974 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதன் அடிப்படை அமைந்தது. 1981 ஆம் ஆண்டில் இதன் விதிகள் விரிவாக வரையறுக்கப்பட்டன. இது நேர்மையான அஞ்சற்காரரை ஒத்தது. செய்தியைச் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து, ஒன்றும் தொலையாமலும் வரிசை மாறாமலும் உரிய இடத்திற் சேர்ப்பது இதன் பணி. எனினும், பொதியின் மேலுறையில் எழுதியிருப்பதை வழியில் உள்ளோர் எவரும் படிக்கலாம். தீய எண்ணம் உடையோர் அதனைப் போலவே போலியாக எழுதி அனுப்புதலும் கூடும்.

மேல் அடுக்கிற்கு இன்று டி.எல்.எஸ். என்பது பெயர். இது முத்திரை இடுவோரை ஒத்தது. நெட்ஸ்கேப் என்னும் நிறுவனத்தார் 1995 ஆம் ஆண்டில் எஸ்.எஸ்.எல். என்னும் பெயரால் இதன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டனர். மூன்றாம் பதிப்பு 1996 இல் வந்தது. 1999 இல் அது டி.எல்.எஸ். எனப் பெயர் மாறிற்று. அதன் 1.3 ஆம் பதிப்பு 2018 இல் வெளியாயிற்று. உரையாடல் தொடங்கும்போது இரு கணினிகளும் 'கைகுலுக்கல்' என்னும் முறையால் ஒன்றையொன்று அறிந்து, தமக்குள் மட்டும் விளங்கும் மறைதிறவு ஒன்றை உடன்பட்டுக் கொள்கின்றன. அதன்பின் செல்லும் செய்தி ஒவ்வொன்றும் மறைமொழியாக மாற்றப்படுகிறது. அதனோடு வரிசை எண்ணும் பிணைக்கப்படுகிறது. ஆதலின், இடையில் நிற்போன் செய்தியைப் படிக்க இயலாது. ஓர் எழுத்தைத் திருத்தவும் இயலாது. நடுவே உள்ள ஒரு பகுதியை உருவி எடுக்கவும் இயலாது.

கடை ஏட்டுக்கு வந்த இடர்

இத்துணைக் காவல் இருந்தும், எஸ்.எஸ்.எல். இரண்டாம் பதிப்பில் ஒரு வாயில் திறந்தே கிடந்தது. அஃது உரையாடலின் முடிவு ஆகும். அப்பதிப்பில் 'முற்றிற்று' எனக் கூறும் சொல் இல்லை. கீழ் அடுக்காகிய டி.சி.பி. தன் இணைப்பை மூடினால், செய்தி முடிந்ததாகக் கொள்ளப்பட்டது. டி.சி.பி. தன் முடிவை 'ஃபின்' என்னும் குறியால் அறிவிக்கும். அக்குறி மேலுறையில் வெளிப்படையாக உள்ளது. அதற்குப் பூட்டும் இல்லை, முத்திரையும் இல்லை. வழியில் நிற்கும் ஒருவன் அக்குறியைப் போலியாக இட்டு அனுப்பினால், பெறுவோர் உரையாடல் இயல்பாக முடிந்தது என்றே எண்ணுவர்.

'முடிவு சிறிது குறைந்தால் என்ன கெட்டுவிடும்?' என்று ஒருவர் வினவலாம். தமிழ்மொழியின் இயல்பை நினைப்போர்க்கு இதன் விடை விரைவில் தோன்றும். ஊரில் உள்ள தம் மகனுக்கு ஒரு தந்தையார், 'கிணற்றடி நிலத்தை விற்க வேண்டா' என்று எழுதுகின்றார் எனக் கொள்க. அச்செய்தி இரண்டு ஏடுகளாகப் பிரிந்து, 'வேண்டா' என்னும் சொல் கடை ஏட்டில் அமைந்துவிட்டது. கடை ஏடு தொலைந்தால் எஞ்சுவது, 'கிணற்றடி நிலத்தை விற்க' என்பதே. 'விற்க' என்பது வியங்கோளாய் நின்று, விற்குமாறு ஏவும் பொருளைத் தரும். மகன் கையில் உள்ள ஏடு தந்தையார் எழுதியதே. அதன் முத்திரையும் மெய்யானதே. ஓர் எழுத்தும் திருத்தப்படவில்லை. ஆயினும், நிலம் விலையாகிவிடும். பொய்யை ஒரு சொல்லும் சேர்க்காமல், மெய்யைக் குறைத்தே பொய்யாக்குதல் இதன் கொடுமையாகும்.

இரண்டு பைட்டில் ஒரு காவல்

இக்குறையை நீக்கும் பொருட்டு, 1996 இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரு புது விதி சேர்க்கப்பட்டது. பேசி முடித்த கணினி, இணைப்பை மூடுமுன், 'குளோஸ் நோட்டிஃபை' என்னும் முடிவறிவிப்பை விடுத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. அவ்வறிவிப்பின் உள்ளடக்கம் இரண்டே பைட்டு. முதற் பைட்டில் 1, இரண்டாம் பைட்டில் 0. இவ்வளவு சிறியதாயினும், ஏனைய செய்திகளைப் போலவே இதுவும் மறைமொழியாக்கப்பட்டு, வரிசை எண்ணோடு பிணைக்கப்பட்டுச் செல்கின்றது. ஆதலின், மறைதிறவு இல்லாத ஒருவன் இதனைப் போலியாக ஆக்க இயலாது.

இங்கே ஒரு நுட்பம் அறியத்தக்கது. வழியில் நிற்போன் கம்பியை வெட்டுவதையோ இணைப்பை மூடுவதையோ இவ்வறிவிப்பு தடுக்காது. வெட்டுண்டது என்பதைப் பெறுவோர்க்குப் புலப்படுத்துவதே இதன் பயன். முடிவறிவிப்பு வந்தபின் இணைப்பு மூடினால், செய்தி நிறைந்தது. முடிவறிவிப்பு வராமலே இணைப்பு மூடினால், செய்தி நிறைந்ததென்று துணிதல் கூடாது. மௌனம் முடிவாகாது, முடிவைப் பேசியவரே கூறல் வேண்டும். இதுவே இவ்விதியின் உயிர்.

இருவேறு திசைகள்

ஓர் இணைப்பில் இரண்டு திசைகள் உண்டு. ஒவ்வொரு கணினியும் பேசவும் செய்கிறது, கேட்கவும் செய்கிறது. பழைய பதிப்புகளில், ஒரு கணினி முடிவறிவிப்பு விடுத்தவுடன் மற்றொன்றும் தான் சொல்ல எண்ணியதைக் கைவிட்டு, உடனே தன் முடிவறிவிப்பை விடுத்தல் வேண்டும் என்று விதி இருந்தது. 1.3 ஆம் பதிப்பில் இது மாற்றப்பட்டது. 'யான் பேசி முடித்தேன். நீ பேசுவதைக் கேட்கின்றேன்' என்பதே இன்று முடிவறிவிப்பின் பொருள். ஒவ்வொரு கணினியும் தன் பேச்சிற்குத் தானே முடிவு கூறும். எதிரில் இருப்பவர் தாம் கூறவந்ததை முடிக்க இடம் கொடுத்தல் சான்றோர் அவையின் மரபு அன்றோ? அம்மரபே ஈண்டும் விதியாயிற்று.

நிகழ்ந்த சான்றுகள்

இவ்விடர் ஏட்டளவில் மட்டும் உள்ளதெனக் கருதுதல் தவறு. 2013 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் இருவர், அக்காலத்தில் வழங்கிய ஜிமெயில், ஹாட்மெயில் என்னும் மின்னஞ்சல் சேவைகளையும், ஹீலியாஸ் என்னும் மின்வாக்களிப்பு முறையையும் ஆராய்ந்து, இணைப்பை இடையில் முறிப்பதால் விளையும் கேட்டை எடுத்துக்காட்டினர். பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் பொதுக் கணினி ஒன்றில் ஒருவர் தம் பணியை முடித்து, 'வெளியேறு' என்னும் பொத்தானை அழுத்துகின்றார். அக்கட்டளை சேவையகத்தை அடையாதபடி இடைநிற்போன் இணைப்பை முறித்துவிடுகின்றான். திரையைக் கண்டவர் தாம் வெளியேறிவிட்டதாகவே நம்பி எழுந்து செல்கின்றார். சேவையகமோ அவர் இன்னும் உள்ளே இருப்பதாகக் கருதுகின்றது. அடுத்து வந்து அமர்பவன் அவர் பெயரால் அஞ்சலைப் படிக்கலாம். அவர் பெயரால் வாக்கும் அளிக்கலாம். கடவுச்சொல் திருடப்படவில்லை; மறைமொழியும் உடைக்கப்படவில்லை. ஒரு செய்தி சென்று சேராதது மட்டுமே நிகழ்ந்தது.

2014 ஆம் ஆண்டில் வேறோர் ஆய்வுக் குழுவினர் வெளியிட்ட செய்தி, மேலே கூறிய நிலத்தின் கதையை அப்படியே ஒத்தது. சேவையகம் உலாவிக்குக் 'குக்கி' என்னும் அடையாளச் சீட்டு ஒன்றை அளிப்பது வழக்கம். 'இச்சீட்டைப் பாதுகாப்பான பாதையில் மட்டும் அனுப்புக' என்னும் கட்டுப்பாட்டைக் குறிக்கும் சொல், அச்சீட்டு வரியின் பிற்பகுதியில் அமையலாம். சரியான இடத்தில் இணைப்பை வெட்டிவிட்டால், சீட்டு வந்து சேரும்; கட்டுப்பாடு வந்து சேராது. அரைகுறையாக வந்த அவ்வரியைச் சில உலாவிகள் முழுமையானதாக ஏற்றுக்கொண்டமையை அக்குழுவினர் மெய்ப்பித்தனர். கட்டுப்பாடு நீங்கிய சீட்டு, பின்னர்ப் பூட்டில்லாத பாதையிலும் செல்லும். செல்லவே, வழியில் நிற்போன் அதனைக் கைப்பற்றலாம்.

அளவு கூறுதல்

முடிவறிவிப்பே அன்றி, மற்றொரு காவலும் உண்டு. அது செய்தியின் அளவை முன்னரே கூறிவிடுதல். எட்டுத்தொகையுள் ஒன்றாகிய பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கிடைத்தவை எட்டுப் பத்துகளே. ஆயினும், நூலின் பெயரே பத்துப் பத்துகள் எனத் தன் அளவைக் கூறிவிட்டமையால், இரண்டு பத்துகள் இழக்கப்பட்டன என்பதை எவரும் எளிதில் உணரலாம். அவ்வாறே, இணையப் பக்கத்தை அனுப்பும் சேவையகம், 'இதன் அளவு இத்தனை பைட்டு' என்று தலைப்பிலேயே எழுதி அனுப்புகின்றது. அளவு முன்கூட்டித் தெரியாவிடில், செய்தியைத் துண்டு துண்டாக அனுப்பி, இறுதியில் அளவு சுழியமான துண்டு ஒன்றை அனுப்பி முடிவைக் காட்டுகின்றது. வந்ததைச் சொன்ன அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உலாவி, குறைவு இருப்பின் அறிந்துகொள்ளும். ஒப்பிட்டுப் பாராத மென்பொருளுக்கோ இவ்வெண் எழுதப்பட்டும் பயனில்லை.

மென்பொருள் எழுதுவோர் கடமை

மென்பொருள் எழுதுவோர் இணைப்பை மூடும்போது கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில், அனுப்ப வேண்டிய செய்தி முழுவதையும் அனுப்பிவிடுதல் வேண்டும். அடுத்து, முடிவறிவிப்பை விடுத்தல் வேண்டும். அதன்பின், எதிர்க்கணினியிடமிருந்து வருவதை அதன் முடிவறிவிப்பு வரும்வரை படித்தல் நன்று. கீழ் அடுக்காகிய டி.சி.பி. இணைப்பை மூடுதல் எல்லாவற்றிற்கும் இறுதியிலேயே நிகழ்தல் வேண்டும். எதிர்க்கணினியிடமிருந்து இனி யாதும் வரவேண்டியதில்லை என்பது உறுதியாயின், அதன் முடிவறிவிப்புக்காகக் காத்திராமலும் மூடலாம். விதி அதற்கு இடம் தருகின்றது. ஆனால், தன் முடிவறிவிப்பை விடுக்காமல் மூட விதி இடம் தருவதில்லை. தீராத பிழை நேர்ந்து, பிழையறிவிப்பு விடுக்கப்பட்ட இணைப்பு மட்டுமே இதற்கு விலக்காகும்.

இவ்வொழுங்கைப் பிறழ்ந்தால் கேடு இருவகையால் வரும். வந்த செய்தியைப் படிக்காமல் குவியவிட்டு, கதவை அறைந்து சாத்துவதுபோல் இணைப்பை மூடினால், டி.சி.பி. 'ரீசெட்' என்னும் முறிவுக் குறியை அனுப்பும். அக்குறியைப் பெற்ற எதிர்க்கணினி, தான் இன்னும் படித்து முடிக்காத விடையையும் இழந்துவிடுதல் கூடும். இதற்கு மாறாக, எதிர்க்கணினியின் முடிவறிவிப்பை எல்லையின்றி எதிர்நோக்கி நின்றாலும் தீங்கே விளையும். தீயோன் ஒருவன் பல இணைப்புகளைத் தொடங்கி, ஒன்றிற்கும் முடிவு கூறாமல் இருந்து, சேவையகத்தின் வலிமை முழுவதையும் வீணாக்கிவிடுவான். ஆதலின், காத்திருப்பதற்கும் ஒரு கால எல்லை வேண்டும்.

ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்பது இப்பணிக்காக உலகெங்கும் பயன்படும் மென்பொருள் தொகுதி. அதில் இணைப்பை முடிக்கும் கட்டளையை ஏவினால், 0 என்றோ 1 என்றோ விடை வரும். பிழை நேர்ந்தால் குறை எண் வரும். 0 எனின், 'நம் முடிவறிவிப்பு சென்றது; எதிர்ப்புறத்து முடிவறிவிப்பு இன்னும் வரவில்லை' என்பது பொருள். 1 எனின், இருபுறமும் முடிவு கூறியாயிற்று என்பது பொருள். 0 என்பதைத் தோல்வி என மயங்குவோரும், விடை யாதென்றே பாராதோரும் பிழை செய்வர்.

மரபாகிவிட்ட சோர்வு

விதி நன்றாயினும், அதனைக் கைக்கொள்வோர் சோர்ந்தால் அது வலி குன்றும். சேவையகங்கள் பல, விரைவு கருதி முடிவறிவிப்பு விடுக்காமலே இணைப்பை மூடிவந்தன. உலாவிகளும் அதனைப் பொறுத்துக்கொண்டன. 1999 ஆம் ஆண்டு விதியில், முடிவறிவிப்பின்றி மூடப்பட்ட இணைப்பின் உடன்பாட்டை மறுமுறை பயன்படுத்தலாகாது என்று ஒரு தண்டனை இருந்தது. பலரும் அதனைக் கைக்கொள்ளாமையால், 2006 ஆம் ஆண்டுப் பதிப்பில் அத்தண்டனை நீக்கப்பட்டது.

இச்சோர்வின் ஆழம் 2020 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 17 ஆம் நாள், ஓப்பன் எஸ்.எஸ்.எல். தொகுதியின் திருத்திய பதிப்பு ஒன்று வெளிவந்தது. முடிவறிவிப்பின்றி இணைப்பு முறிந்தால், அதனைத் தெளிவான பிழையாக அறிவிக்க வேண்டும் என்பது அதில் செய்யப்பட்ட திருத்தங்களுள் ஒன்று. திருத்தம் நேரியதே. ஆயினும், பழைய நடைக்குப் பழகிவிட்ட மென்பொருள்கள் அதனால் இடர்ப்பட்டன. ஆதலின், அதே திங்கள் 31 ஆம் நாள் வந்த அடுத்த பதிப்பில் அத்திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. நேரியதொரு திருத்தம் இரண்டு கிழமைகளே நிலைத்தது. பின்னர், 2021 செப்டம்பரில் வெளிவந்த 3.0 ஆம் பதிப்பில் அது மீண்டும் இடம்பெற்றது. அப்போதும், பழைய நடையை உடனே விட இயலாதோர்க்காக, அப்பிழையைப் பொருட்படுத்தாதிருக்கும் வழி ஒன்றும் உடன் அமைக்கப்பட்டது. ஒருவர் செய்யும் சிறு சோர்வு பலர் பழக்கமாகிவிட்டால், அதனைத் திருத்த முயல்வோரே குற்றவாளிபோல் நிற்க நேரும் என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

இருவர் கடன்

'முற்றிற்று' என எழுதுதல் எழுதுவோர் கடன். அச்சொல் உளதா எனத் தேடுதல் படிப்போர் கடன். எழுதுவோர் எழுதாவிடில், நேர்மையாக முடிந்த செய்திக்கும் கயவன் வெட்டிய செய்திக்கும் வேறுபாடு தோன்றாது. படிப்போர் தேடாவிடில், எழுதியும் பயனில்லை. அச்சொல் காணாதவிடத்து, 'எப்போதும் இப்படித்தானே வருகின்றது' என்று விட்டுவிடாமல், குறையுண்டோ என ஆராய்ந்து, வேண்டின் மறுமுறை கேட்டுப் பெறுதலே அறிவுடைமை. இரண்டு பைட்டில் அடங்கும் ஒரு சிறு அறிவிப்பு, ஒருவர் வாக்கையும் பொருளையும் பெயரையும் காக்க வல்லது. ஆகவே, மென்பொருள் எழுதக் கற்கும் இளைஞர், இணைப்பைத் திறக்கும் வரிகளை எழுதும் கருத்தோடேயே, அதனை மூடும் வரிகளையும் எழுதுவாராக.

பயிற்சி

1. இடை ஏடு தொலைவதற்கும் கடை ஏடு தொலைவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 'விற்க வேண்டா' என்னும் எடுத்துக்காட்டால் விளக்கப்படும் கருத்து யாது? 'விற்க' என்பதன் இலக்கணம் கூறுக.
3. முடிவறிவிப்பு இணைப்பு வெட்டப்படுவதைத் தடுக்குமா? அதன் பயன் யாது?
4. பதிற்றுப்பத்தின் பெயர், அளவு கூறும் முறைக்கு எங்ஙனம் சான்றாகின்றது?
5. இணைப்பை மூடும்போது மென்பொருள் எழுதுவோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கை வரிசைப்படுத்தி எழுதுக.
6. 2020 ஆம் ஆண்டு நிகழ்ச்சியிலிருந்து அறியத்தகும் உண்மையை ஒரு பக்க அளவிற் கட்டுரையாக வரைக.